முப்பது போதுமா?

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் ஏழெட்டுக் கல் தொலைவுதான். மேற்கே ஒரே மலைத்தொடர். ஊடே ஒரே நெடுஞ்சாலை. ஓர் ஊருக்கு நூற்பாலைகள் பெயர் தந்தன. மற்றோர் ஊருக்கு 11 நிலைக் கோபுரம் பெயர் தந்தது. 2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள் இராசபாளையத்து மேடையில் கவிஞர் வைரமுத்து ஒரு கட்டுரை படித்தார். “தமிழை ஆண்டாள்” என்பது தலைப்பு. மறுநாள் “தினமணி” அதனை அச்சிட்டது. கட்டுரையின் பெரும்பகுதி பாராட்டு. ஆண்டாளின் தமிழைப் போற்றி நெகிழ்ந்த பாராட்டு. இடையே ஆய்வுத் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்த ஒரு வரி இருந்தது. ஆண்டாள் தேவதாசி, அவள் திருவரங்கக் கோயிலில் மறைந்தவள் என்னும் பொருள்பட்ட வரி அது.

அந்த ஒரு வரி போதுமானதாயிற்று. புகார்கள் குவிந்தன, கண்டனங்கள் பெருகின, வீதிகள் நிறைந்தன. திருவில்லிபுத்தூர் மணவாள மாமுனிகள் மடத்துச் சீயர் உண்ணாநோன்பு இருந்தார். கவிஞர் வருத்தம் தெரிவித்தார். ஏடு வருத்தம் தெரிவித்தது. ஏட்டின் ஆசிரியர் திருவில்லிபுத்தூர்க் கோயிலுக்கே சென்று வருத்தம் தெரிவித்தார். வழக்கு உயர்நீதிமன்றத்தின் படியேறி இடைக்காலத் தடை பெற்றது. ஏழெட்டுக் கல் தொலைவில் இருக்கும் இரண்டு ஊர்களின் பெயர் நாடெங்கும் நாளேடுகளில் அடிபட்டது.

ஆரவாரம் அடங்கி ஆண்டுகள் சில சென்றுவிட்டன. இப்பொழுது ஒன்று கேட்கலாம். அந்த நாள்களில் ஆண்டாளைப் பற்றிப் பேசினவர் இலட்சம் பேர் இருப்பர். ஆண்டாளைப் படித்தவர் எத்தனை பேர்?

இக்கேள்வி பக்தருக்கு மட்டும் உரியதன்று. பகுத்தறிவாளராகிய நமக்கும் உரியது. ஆண்டாளின் பெயரில் நம்மிடம் உள்ள நூல்கள் இரண்டு. திருப்பாவையில் 30 பாட்டு. நாச்சியார் திருமொழியில் 14 பதிகம், 143 பாட்டு. ஆக 173. இதில் ஊரறிந்தது 30. மார்கழி பிறந்தால் வைகறையில் ஒலிபெருக்கி பாடும்; பள்ளிப் பிள்ளைகள் போட்டிகளில் ஒப்பிப்பர்; பாடநூலில் இடம் உண்டு. எஞ்சிய 143இல், “வாரணமாயிரம்” எனப் பெயர் பெற்ற ஆறாம் பதிகத்தின் 11 பாட்டும் வைணவர் வீட்டுத் திருமணங்களில் ஒலிக்கும். மற்றவை? நாலாயிரத்தை முறையாக ஓதும் கோட்டியாருக்கும், ஏட்டைப் புரட்டும் புலவருக்கும் மட்டும் உரியனவாய் ஒடுங்கிவிட்டன. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதை வைத்துக்கொண்டு ஒரு கவிஞரை முழுதும் அறிந்ததாக நாடு நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இந்த ஒதுக்கம்? தமிழில் குறையா? இல்லை. நாச்சியார் திருமொழியின் தமிழ், திருப்பாவையின் தமிழைவிட ஒரு படி மேலேறியது என்று சொன்னால் எதிர்வழக்காட வருவார் இலர். பின் ஏன் என்றால், அந்நூல் படிப்பவரைக் கலங்க வைக்கிறது. அமைதியாக அமர்ந்து படிக்க விடாத நூல் அது.

தைத் திங்களில் தரையைத் துலக்கி, நுண்மணலால் கோலமிட்டு, ஒரு பெண் நோன்பு தொடங்குகிறாள். வணங்குவது திருமாலை அன்று, காமனை! தன்னைத் திருமாலோடு சேர்த்துவைக்கும்படி காமனிடம் கேட்கிறாள். மானிடர் எவருக்கேனும் தன்னை மணம்பேசினால் உயிர் தரியேன் என்கிறாள். தன் இளமையை மூடிச் சொல்லவில்லை. உடலுறுப்பின் பெயர் சொல்லியே உரைக்கிறாள். அடுத்து மணல்வீடு கட்டும் சிறுமியர் கூட்டம். பொய்கைக்கரையில் ஆடை இழந்த மகளிரின் முறையீடு. கண்ணை மூடி வட்டம் வரைந்து இருமுனையும் கூடினால் அவன் வருவான் என்று பார்க்கும் கூடல் குறி. குயிலை ஏவும் கட்டளை. பிறகு கனவு. ஆயிரம் யானை சூழ அவன் வருகிறான். ஊர் தோரணம் கட்டுகிறது. கைப்பிடித்துத் தீவலம் வருகிறான். அம்மிமேல் கால் வைக்கிறாள். இந்தப் பதிகத்தைத்தான் திருமணப் பந்தலில் பாடுகிறோம். பாடி முடித்ததும் நூலை மூடிவிடுகிறோம். அது கனவு என்பதும், கனவு கலைந்த பின் எட்டுப் பதிகம் இருப்பதும் பந்தலில் எவருக்கும் நினைவில்லை.

கலைந்த கனவுக்குப் பின் வருவதுதான் நூலின் நெருப்பு. திருமாலின் கையிலுள்ள சங்கை அழைத்து, அவன் வாயின் மணம் எத்தகையது, சுவை எத்தகையது என்று கேட்கிறாள். கற்பூர மணமா, தாமரை மணமா என்று வினவுகிறாள். கேள்வி மெல்லப் பொறாமையாகிறது. எல்லாப் பெண்டிருக்கும் பொதுவானதை நீ ஒருத்தியே உண்டுகொண்டிருக்கிறாயே என்று ஒரு சங்கோடு சக்களத்திச் சண்டை! இதைவிட நுட்பமான கற்பனையைத் தமிழ்க் காதற்பாட்டில் காண்பது அரிது. அப்பால் முகிலைத் தூது விடுகிறாள். மாலிருஞ்சோலையானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்கிறாள். கைவளை கழன்று விழுகிறது. ஊரார் அறிந்துவிட்டனர், இனி நாணி என்ன பயன், என்னை மதுரைப்புறத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று உறவினரோடு வாதிடுகிறாள். அவள் சொல்வது நம் பாண்டிய மதுரை அன்று; கண்ணன் பிறந்த வடமதுரை.

பதின்மூன்றாம் பதிகத்தில் அத்தனை கட்டும் அறுகிறது. அவன் அரையில் உடுத்த ஆடையைக் கொண்டுவந்து என் வாட்டம் தணிய வீசுங்கள் என்கிறாள். பயன்படாத என் கொங்கையை வேரோடு பறித்து அவன் மார்பில் எறிந்து என் நெஞ்சின் தீயை ஆற்றிக்கொள்வேன் என்கிறாள்.

தோழர்களே, இந்தச் செயல் நமக்குப் புதிதன்று. திருகி எறிந்தவள் ஒருத்தியை நாம் அறிவோம். கண்ணகிக்கு நாம் காவியம் வைத்திருக்கிறோம்; 1968 சனவரியில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலையும் எடுத்தோம். கண்ணகி எறிந்தது அரசனின் அநீதிக்கு எதிராக, கணவன் பொருட்டு. அதனால் அது கற்பு ஆயிற்று. கோதை எறிவேன் என்றது தன் பொருட்டு. தன் ஆசையின் பொருட்டு. அதனால் அது அடக்கி வாசிக்க வேண்டியதாயிற்று. ஒரே செயல், ஒன்றுக்குச் சிலை, மற்றொன்றுக்குத் திரை.

திரையிட்டவர் ஒருவகையினர் அல்லர் என்பதே இவ்வரலாற்றின் சுவை. எழுத்தின் அழகை எவரும் மறுக்கவில்லை. அந்த அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி போயினர்.

பழைய உரையாசிரியர் கூட்டத்தை முதலில் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டினரான பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை வகுத்தவர். நாச்சியார் திருமொழியையும் விட்டாரில்லை. பாட்டு பாட்டாக எடுத்து, சொல் சொல்லாக விரித்து உரைத்தார். கூசி ஒரு பாட்டையும் தாண்டிப் போகவில்லை. அவர் கண்ணுக்கு இவள் ஆன்மா, அவன் பரம்பொருள், உடல்மொழியெல்லாம் உள்ளுறை. அந்த விளக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் படித்தார். பாட்டில் உள்ளதை இல்லை என்று சொல்லவில்லை. இருப்பதற்கு வேறு பொருள் சொன்னார். பிற்காலத்து நாணம் அவரிடம் இல்லை.

ஆனால் உரை செய்யாத ஒன்றைக் கதை செய்தது. குருபரம்பரை நூல்கள் கோதையைத் துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தை ஆக்கின. நிலமகளின் பிறப்பு ஆக்கின. இறுதியில் அரங்கனோடு கலக்கவைத்தன. கவிஞர் தெய்வமானார். தெய்வம் ஆனபின் மாலை சூட்டலாம், தேர் இழுக்கலாம். ஆடிப்பூரத்துக்கு இலட்சம் பேர் கூடலாம். படிக்க வேண்டியதில்லை.

பின்பு ஓர் அரசன் வந்தான். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசயநகரத்துக் கிருட்டிணதேவராயன் தெலுங்கில் “ஆமுக்தமால்யத” என்னும் காவியம் செய்தான். சூடிக்கொடுத்தவள் என்பதே அப்பெயரின் பொருள். திருவில்லிபுத்தூரின் வீதியும் வயலும் மழையும் வெயிலும் அதில் விரிகின்றன. கோதையின் அழகை உறுப்பு உறுப்பாக அவன் வருணித்தான். தெலுங்கு நாட்டின் பெருங்காவியங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. விசயநகரக் காலத்தை ஒட்டித் தெற்கே வந்தோரின் வழியினர் என்று சொல்லிக்கொள்ளும், வீட்டில் தெலுங்கு பேசும் இராசபாளையத்து இராசுக்களுக்கு இந்தத் தொடர்பு பெருமைக்குரியது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஆண் ஒருவன் அவள் உடலைப் பாடினான். அது காவியச் சுவை எனப்பட்டது. அவளே தன் உடலைப் பாடினாள். அதற்கு மட்டும் விளக்கவுரை தேவைப்பட்டது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நம்மாழ்வார் பெண்ணாகிப் பாடினார். திருமங்கையாழ்வார் பெண்ணாகிப் பாடினார். வைணவர் அவர்களுக்குப் பராங்குச நாயகி, பரகால நாயகி என்று பெயரிட்டு மகிழ்ந்தனர். ஆண் பெண்குரலில் ஏங்கினால் அது தத்துவம். எவருக்கும் சங்கடம் இல்லை. ஒரு பெண் பெண்குரலிலேயே ஏங்கிவிட்டால்? ஆங்கே தொடங்குகிறது கலக்கம். பாட்டின் பொருளிலும் பாட்டின் சொல்லிலும் பெரும் வேற்றுமை இல்லை. பாடியவர் யார் என்பதில்தான் வேற்றுமை.

இந்தக் கலக்கம் முற்றினால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஆச்சாரியாரே சான்று. இராசகோபாலாச்சாரியார் 1946இல் “திரிவேணி” என்னும் ஆங்கில இதழில், ஆண்டாள் பாடல்களைப் பாடியவர் பெரியாழ்வாரே என்ற கருத்தை வெளியிட்டார். ஆண்டாள் என்ற பெண் தந்தையின் கற்பனை! பாட்டின் ஈற்றில் தன்னைப் பட்டர்பிரான் கோதை என்றும் விட்டுசித்தன் கோதை என்றும் அவள் பெயர் பொறித்திருக்கிறாள். அந்தப் பெயர்ப்பொறிப்பும் ஆச்சாரியாருக்குப் போதவில்லை. 1946இல் ஆண்டாளை இல்லை என்றார் ஒருவர். 2018இல் ஆண்டாள் இருந்தாள், தேவதாசியாக இருந்தாள் என்ற வரியை எடுத்துக்காட்டினார் மற்றொருவர். முன்னவருக்கு வாராத வெகுளி பின்னவருக்கு வந்தது. இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், தாசி என்றால் பொறுக்கலாகாது என்பதன் பொருள் என்ன? தாசி என்ற சொல்லில் என்ன தீ இருக்கிறது?

இங்கே வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் இளைஞர் பலரும் அவசரத்தில் தவறவிட்ட இடம் இது. சர்ச்சைக்குரிய வரி வந்தது சுபாஷ் சந்திர மாலிக் தொகுத்த கட்டுரை நூலில். மேடையில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் சொல்லப்பட்டது. நூலை 1978இல் வெளியிட்டதோ சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம். கட்டுரை எழுதியவர்கள் கேரள வரலாற்றறிஞர்கள் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும். அறிஞர் எழுதினார் என்பதால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. சான்று எங்கே என்று கேட்பதுதான் நம் மரபு. ஆண்டாளின் பாட்டில் அதற்குச் சான்று இல்லை; கல்வெட்டும் இல்லை. திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் உறங்கும் குறிப்பை வைத்து அவள் காலம் 731ஐ ஒட்டியது என்றார் மு. இராகவையங்கார். அதை ஏற்காதார் 9ஆம் நூற்றாண்டு என்பர். இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததாகக் கல்வெட்டிய காலம் 11ஆம் நூற்றாண்டு. பின்னாளில் பொட்டுக்கட்டு முறையாக இழிந்த ஏற்பாட்டை முந்நூறு ஆண்டுக்கு முன்னிருந்த ஒருத்தியின்மேல் ஏற்றிச் சொல்வது வரலாற்று முறையன்று.

ஆகவே அந்த வரி தவறு எனலாம். அது தவறானது சான்றின்மையால், இழிவால் அன்று. வீதியில் வந்தோர் சொன்ன காரணமோ இழிவு. எங்கள் தாயைத் தாசி என்றாயே என்பதே முழக்கம். தேவரடியார் என்ற சொல்லைக் கல்வெட்டில் பாருங்கள். நிலம் கொடுத்தவர்கள், விளக்கு வைத்தவர்கள், பொன் அளித்தவர்கள் அப்பெயரில் நிற்கின்றனர். அந்தச் சொல்லை வசைச்சொல் ஆக்கியது அப்பெண்டிர் அல்லர். கோயிலின் பெயரால் அவர்களை நிறுத்தி, செல்வரின் பசிக்கு அவர்களை இரையாக்கிய சமுதாயமே அதை வசை ஆக்கிற்று. அந்த இரைப்பொறியை உடைக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். அந்தக் குலத்திலேயே தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று போராடினார். 1936இல் “தாசிகள் மோசவலை” என்ற புதினமே எழுதினார். பொட்டுக்கட்டுத் தடைச்சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. முறையைக் காத்தவர் யார், ஒழித்தவர் யார் என்பதை மறந்துவிட்டு, அம்முறையின் பலியானோர் பெயரையே ஏச்சுச் சொல்லாக வீதியில் உருட்டியபோது, நம் பக்கத்தில் எத்தனை பேர் அதைச் சுட்டிக்காட்டினோம்? பேச்சுரிமைக்காகக் குரல் கொடுத்தோம், நன்று. அந்தப் பெண்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நம் வீட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். அழகிய நூல், கலக்கம் தரும் நூல் என்ற சிக்கலை நம் இயக்கம் முன்பே சந்தித்ததுண்டு. 1943 பிப்ரவரியில் சென்னையில் இரா.பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா கம்பராமாயணம் குறித்துச் சொற்போர் நடத்தினார். அந்த வாதம் “தீ பரவட்டும்” என நூலாயிற்று. அதைக் கருத்தூன்றிப் படித்தவர் ஒன்றை அறிவர். கம்பனின் கவித்திறனை அண்ணா மறுக்கவில்லை. கலை உயர்ந்ததாக இருப்பதனாலேயே அது சுமந்து வரும் கருத்து ஆழமாய்ப் பதிந்துவிடும் என்பதே அவர் அச்சம். அழகை ஒப்புக்கொண்டு ஆபத்தைச் சுட்டினார். அது நேர்மையான வாசிப்பு. எதிரணியினரும் நூலைக் கரைகண்டவர்கள். மேடையில் இருந்த அனைவரும் படித்தவர்கள்!

ஆனால் “கம்பரசம்” வந்த பின், அதன் வாதத்தை விட்டுவிட்டுச் சுவையை மட்டும் எடுத்துக்கொண்டவர் நம்மில் பலர். புராணத்தில் எங்கே உறுப்பு வருணனை இருக்கிறது என்று தேடிப்பிடித்து, பாருங்கள் ஆபாசம் என்று கைகொட்டிச் சிரிப்பதே பகுத்தறிவு என்று எண்ணிவிட்டனர். ஆண்டாளையும் அவ்வாறு மேடையில் ஏளனம் செய்ததுண்டு. சற்றே எண்ணிப் பாருங்கள். பக்தர் கூசி மறைக்கிறார். நாம் கூசிச் சிரிக்கிறோம். இரண்டிலும் இருப்பது கூச்சம்தானே! ஒரு பெண் தன் ஆசையைச் சொன்னால் அது வெட்கத்துக்குரியது என்ற ஒரே அடிப்படையில் இருவரும் நிற்கிறோம். சடங்கைச் சாடுவோம், கதையைச் சாடுவோம், சாதியைச் சாடுவோம். ஒருத்தி தன் உடலைத் தன் சொல்லால் சொன்னதைச் சாட நமக்கு என்ன காரணம்?

சீர்திருத்தக்காரர் கூச்சத்தால் வழிதவறிய நிகழ்ச்சி தெலுங்கு நாட்டில் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னன் பிரதாபசிம்மன் அவையில் 18ஆம் நூற்றாண்டில் இருந்த முத்துப்பழனி என்னும் தேவதாசி “ராதிகா சாந்த்வனம்” என்ற காவியம் எழுதினாள். அவள் கோதையின் திருப்பாவையையும் தெலுங்கில் பெயர்த்தவள் என்பர். கைம்பெண் மறுமணத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த கந்துகூரி வீரேசலிங்கம் அந்தக் காவியத்தைப் பெண் எழுதத் தகாத ஆபாசம் என்று இகழ்ந்தார். 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதனைத் தேடி எடுத்து முழுமையாய் அச்சிட்டார். வெட்கமும் நாணமும் பெண்பாற் புலவருக்கு மட்டும்தானா, ஆண்கள் எழுதியவற்றுக்கு இல்லையா என்று முன்னுரையில் வீரேசலிங்கத்தையே கேட்டார். 1911இல் வெள்ளையர் அரசு நூலுக்குத் தடை போட்டது. தடை நீங்க 1947 ஆயிற்று. சீர்திருத்தப் பெரியவரும் அந்நிய அரசும் ஒரு பக்கம் நிற்க, ஒரு தேவதாசி மட்டும் மறுபக்கம் நின்றாள். அவள் நின்ற பக்கமே சரியான பக்கம் என்று இன்று எல்லாரும் சொல்கிறோம்.

கூட்டம் நூலைப் படித்துவிட்டுக் கொதிப்பதில்லை. ஒரு பக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்தால் போதும். பெருமாள்முருகனின் “மாதொருபாகன்” 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் எவரும் கலங்கவில்லை. 2014 திசம்பரில் திருச்செங்கோட்டில் திடீரெனக் கலக்கம். 2015 சனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுதும் உரிமையைக் காத்து, பிடிக்காத நூலைப் படிக்காமல் விட்டுவிடலாமே என்ற கருத்தில் தீர்ப்புரைத்தது. அதற்கும் முன், 2002இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுதிக்கு “முலைகள்” என்று பெயரிட்டபோது எழுந்த ஏச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்ப் பண்பாடு கெட்டது என்றனர். நாச்சியார் திருமொழியைப் பாடிய நாட்டில், அந்தச் சொல் ஒரு பெண்ணின் நூலட்டையில் வந்ததும் பண்பாடு கெட்டுவிட்டதாம்!

இவ்வளவு சொன்னதனால், கோதையைப் புரட்சிப் பெண்ணாக்கி நம் மேடையில் ஏற்றப் பார்க்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. அந்த வேலையும் இப்பொழுது சிலர் செய்துவருகின்றனர். அதுவும் படியாமை செய்யும் வேலைதான். என்னைக் கலங்கவைப்பது பதின்மூன்றாம் பதிகம் அன்று, முதற்பதிகம். திருமாலுக்கென்று வளர்த்த தன் உடலை மானிடர்க்குப் பேசுவதை அவள் எதற்கு ஒப்பிடுகிறாள்? அந்தணர் வேள்வியில் தேவர்க்கென இட்ட அவியைக் காட்டு நரி புகுந்து மோப்பதற்கு ஒப்பிடுகிறாள். மானிடன் நரி! வேள்விச்சோறு தூய்மை, நரியின் மூச்சு தீட்டு. தன் ஆசையை அத்தனை துணிவாகச் சொன்னவள், அதைச் சொல்ல எடுத்த உவமை ஆரியச் சடங்கின் தூய்மைக் கணக்கில் கட்டுண்டு கிடக்கிறது. மணத்தைத் தானே முடிவு செய்வேன் என்பது விடுதலைக் குரல். ஆனால் அவள் தேர்ந்தவன் எழுந்து வந்து மறுமொழி சொல்லாத ஒருவன். 143 பாட்டில் ஒருமுறையும் அவன் பேசவில்லை. குயில் பேசவில்லை, சங்கு பேசவில்லை, முகில் பேசவில்லை. கடைசிப் பதிகத்தில், அவனைக் கண்டீரோ என்ற கேள்விக்கு விருந்தாவனத்தே கண்டோம் என்று பிறர் விடை சொல்வதோடு நூல் முடிகிறது. ஒரு பெண்ணின் அறிவும் ஆற்றலும் தமிழும் இப்படி ஒரு மௌனத்தின்முன் எரிந்து தீர்ந்ததே என்று எனக்குச் சினம் வருகிறது. அந்தச் சினம் அவள்மேல் அன்று. பேச ஓர் ஆணைத் தராமல் ஒரு சிலையைத் தந்த சமுதாயத்தின்மேல்.

இதை நண்பர்களிடம் சொன்னால் இரண்டு விதமாய்ப் பிரிகின்றனர். பாட்டு அழகாயிருக்கும்போது உவமையின் குலம் பார்ப்பானேன் என்பர் ஒரு சாரார். அவி என்றும் அந்தணர் என்றும் வந்தபின் அழகு எங்கே இருக்கிறது என்பர் மறுசாரார். முன்னவர் கண்ணை மூடிச் சுவைக்கின்றனர். பின்னவர் வாயை மூடிப் பட்டினி கிடக்கின்றனர். நரியும் அவியும் அந்தப் பாட்டில் இருப்பதாலேயே அவள் எந்த வீட்டில் வளர்ந்தாள், எந்தச் சொற்களால் மட்டுமே தன்னைச் சொல்லிக்கொள்ள முடிந்தது என்பது நமக்குத் தெரிகிறது. அவள் கையில் அந்த மொழிதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் எத்தனை தூரம் வந்தாள் என்று அளக்கத் தெரிய வேண்டும். எங்கே நின்றுவிட்டாள் என்று காட்டவும் தெரிய வேண்டும். ஆசிரியத் தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளில் நான் கண்டது: திருப்பாவை நடத்தினால் மாணவர் ஒப்பிப்பர், சங்கோடு நடந்த சண்டையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவர். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, அந்தச் சங்கு என்ன விடை சொன்னது என்று கேட்டாள். இருபது உரைகளைவிட அந்தக் கேள்வி பெரிது.

திருவில்லிபுத்தூர்க் கோபுரமே தமிழ்நாட்டு அரசின் சின்னத்தில் இருக்கிறது என்பது அவ்வூராரின் பெருமிதம். சூடிக்கொடுத்த மாலை இன்றும் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் அழகருக்கும் போகிறது. மாலைக்கு இத்தனை வழி இருக்கிறது; 143 பாட்டுக்கு இல்லை. இராசபாளையத்தில் அந்தக் கட்டுரை படிக்கப்பட்ட சனவரி 7, மார்கழி 23ஆம் நாள். ஒலிபெருக்கிகள் திருப்பாவை பாடிக்கொண்டிருந்த நேரம். ஒரு வாரத்தில், சனவரி 14ஆம் நாள், தை பிறந்தது. வழக்கம்போல் ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன. நாச்சியார் திருமொழியின் முதற்பாட்டு தைத் திங்களில்தான் தொடங்குகிறது.